எங்கள் ஹோலில் மக்டலீன்

போன தவக்காலம் முழுக்க என் கணவர் எமில்ராஜ் இன்னொரு பெண்ணை வீட்டுக்குள் வைத்திருந்தார். ஒளித்து மறைத்து அல்ல. குருநகரில் எங்கள் வீட்டு ஹோலின் நடுவில், இரண்டு பலகைப் பெட்டிகளுக்குள், நான் அரிசி களையும்போதும் மீன் வெட்டும்போதும் நன்றாகக் கேட்கும்படியாக வைத்திருந்தார். அவள் பெயர் மக்டலீன். பெட்டிக்குள் இருந்தது அவளுடைய குரல் மட்டும்தானே என்று நீங்கள் சொல்லலாம். பருத்தித்துறையில் இருக்கும் என் தங்கையும் போனில் அதைத்தான் சொன்னாள். அப்படிச் சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் மனுசன் வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

எனக்குப் பொறாமைதான். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

மக்டலீன் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறவள். எங்கள் கோயில் பாடகர் குழாத்தில் முதல் குரல் அவளுடையது. என்னைக் கட்டுவதற்கு முந்தி எமில்ராஜுக்கும் அவளுக்கும் பேச்சுக்கால் நடந்தது. இரண்டு வீட்டாரும் தேத்தண்ணி குடித்து, நாள் பார்க்கும் அளவுக்கு வந்த பிறகு, கனடாவில் இருக்கும் அவளுடைய அண்ணைக்கு ஐஸ் கொம்பனியில் மோட்டர் பார்க்கிற மாப்பிள்ளை பிடிக்கவில்லை. அதோடு எல்லாம் முறிந்தது. அதற்குப் பிறகுதான் பருத்தித்துறைக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னது எமில்ராஜ்தான், கலியாணத்துக்கு முதலே, நேருக்கு நேர். உண்மை பேசுகிற மனிதன் கிடைத்தான் என்று அப்போது சந்தோஷப்பட்டேன். சொல்லாமல் விட்டிருந்தால் நான் இன்னும் இரண்டு கிலோ கூட இருந்திருப்பேன்.

அவளோ இன்னும் கலியாணம் முடிக்கவில்லை. ஏன் முடிக்கவில்லை என்று நான் யோசிக்காத நாளில்லை.

குருநகருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே நானும் பாடகர் குழாத்தில் சேர்ந்தேன். பாட ஆசை என்று எல்லோருக்கும் சொன்னேன். உண்மையில் மக்டலீனை என் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்கத்தான் சேர்ந்தேன். என்னை இரண்டாங்குரலில் விட்டார்கள். முதல் குரல் ஏறிப் போகும்போது அதற்குக் கீழே ஒட்டிக்கொண்டு போகவேண்டியது இரண்டாங்குரல். உலகத்தில் யாருக்குக் கீழே போனாலும் பரவாயில்லை, அவளுக்குக் கீழே போக வைத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பாடினேன்.

போன வருடம் மாதா திருநாளுக்காக ஒரு பாட்டுப் பதிந்தோம். முதல் நான்கு வரியும் மக்டலீன் தனியப் பாடுவாள். ஐந்தாம் வரியில் இரண்டாங்குரல் சேரும். என்னோடு பாடவேண்டிய கத்தரீனா அன்று காய்ச்சலில் படுத்துவிட்டதால் அதை நான் ஒருத்தியே பாடினேன். பாட்டு வட்ஸ்அப்பில் ஊரெல்லாம் போனது. போனில் கேட்டால் நான் நிற்கிற இடமே தெரியவில்லை. அந்தச் சின்ன ஓட்டைக்குள்ளால் மக்டலீன் மட்டும்தான் வெளியே வந்தாள். பாராட்டெல்லாம் அவளுக்குப் போனது. ஒரு தரம் கேட்டுவிட்டு என் போனில் இருந்து அதை அழித்துவிட்டேன்.

அந்தப் பாட்டைத்தான் எமில்ராஜ் ஹோலுக்குள் கொண்டுவந்தார்.

அவருக்கு ஸ்பீக்கர் செய்கிற பைத்தியம் உண்டு. இந்த முறை புத்தக அலுமாரியில் வைக்கக்கூடிய அளவில் ஒரு சோடி செய்ய ஆசைப்பட்டார். பலகையை அவரே அரிந்து, ஒட்டி, அரத்தாளால் தேய்த்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வாய். கீழே இருக்கும் பெரிய வாய் வூஃபர், தடித்த சத்தத்துக்கு. மேலே இருக்கும் சின்ன வாய் ருவீற்றர், மெல்லிய சத்தத்துக்கு. ஆனால் அம்பிளிஃபையரில் இருந்து பாட்டு முழுதாகத்தான் வருகிறது. அதைப் பிரித்துக் கொடுக்க இடையில் ஒரு சாமான் வேண்டும். அதற்குப் பெயர் குறொஸோவர். அதற்கென்று தனியாகக் கரண்ட் தேவையில்லை. செப்புக் கம்பிச் சுருள், கப்பாசிற்றர், றெசிஸ்ரர், அவ்வளவுதான். சுருள் மெல்லிய சத்தத்தைப் போகவிடாது, கப்பாசிற்றர் தடித்ததைப் போகவிடாது.

"கூடையைக் கவிட்டு நெத்தலியை ஒரு பக்கம், பாரையை ஒரு பக்கம் எறியிற மாதிரி எண்டு வையும்," என்று எனக்கு விளங்கப்படுத்தினார். "ரெண்டுக்கும் நடுவிலை ஒரு சைஸ் கிடக்கும். அதை எந்தப் பக்கம் போடுறது எண்டதிலைதான் முழு வேலையும். பொம்பிளையளின்ரை குரல் அந்த நடுவிலைதான் வந்து விழும். பிழை விட்டால் உடனை காட்டிக் குடுத்திடும்."

பெண்களின் குரல் என்று அவர் பன்மையில் சொன்னது எனக்கு ஒருமையில்தான் கேட்டது.

மோட்டர் வைண்டிங் செய்கிற கடையில் கம்பி வாங்கி, பி.வி.சி. குழாய்த் துண்டில் சுற்றுவார். சுற்றிவிட்டுப் பாட்டைப் போட்டுக் கேட்பார். இரண்டு சுற்றுக் கழற்றிவிட்டு மறுபடி கேட்பார். குறொஸோவரை இன்னும் பெட்டிக்குள் பூட்டவில்லை. பார்த்துப் பார்த்து மாற்றுவதற்காக ஒரு பலகைத் துண்டில் பரப்பி, முதலைவாய்க் கிளிப்புகளால் கொழுவி, நிலத்தில் விட்டிருந்தார். அதைத் தாண்டித்தான் நான் திரு இருதயப் படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தப் போகவேண்டும். எத்தனையோ தரம் கால் தவறியது போல ஒரு மிதி மிதிக்க நினைத்திருக்கிறேன்.

வேறு பாட்டு ஒன்றும் கேட்கமாட்டார். அந்த ஒரே பாட்டுத்தான். மக்டலீன் தொடங்குவாள், நான்கு வரி பாடுவாள், ஐந்தாம் வரி தொடங்கிய உடனே எமில்ராஜ் நிறுத்திவிட்டு மறுபடி முதலில் இருந்து போடுவார். நான்கு வரி, நிறுத்து. நான்கு வரி, நிறுத்து. நான் வருகிற இடம் வந்ததும் மனுசன் ஓடிப்போய் அவளிடம் நிற்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. குசினிக் கதவைச் சாத்திக்கொள்வேன். கதவுக்குள்ளாலும் வருவாள். தேங்காய் துருவுகிற சத்தத்துக்கு மேலாலும் வருவாள்.

"இஞ்சாருங்கோ, உலகத்திலை வேறை பாட்டே இல்லையே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தெரிஞ்ச குரலிலைதான் லவீனா பிழை பிடிக்கலாம்."

"ஓம் ஓம். நல்லாத் தெரிஞ்ச குரல்தானே."

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "நீர் நினைக்கிற மாதிரி ஒண்டும் இல்லை."

"நான் என்ன நினைக்கிறன் எண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்துவிட்டு மறுபடி கம்பிக்குள் குனிந்துவிட்டார். சண்டைக்கு வருகிற மனிதனோடு சண்டை பிடிக்கலாம். சிரிக்கிற மனிதனோடு என்ன செய்வது? அன்று இரவுச் சொதிக்கு உப்புப் போடவில்லை. "நல்லா இருக்கு" என்று சொல்லிக் குடித்தார். எதைக் கொடுத்தாலும் நல்லா இருக்கு என்பதுதான் அவருடைய பழக்கம்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவருடைய கூட்டாளி கிறிஸ்ரி அண்ணை வந்தார். அவர் திருநாளுக்கும் செத்தவீட்டுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். வாயும் ஒலிபெருக்கிதான். தன் போனில் இருந்த, அண்ணாவியார் ஒருவர் பாடிய கூத்துப் பாட்டை எங்கள் பெட்டியில் போட்டுக் கேட்டார். நான் பிளேன்ரீயோடு வாசலில் நின்றேன்.

"என்ன மச்சான், அண்ணாவியார் வாயிலை லேஞ்சித் துணியைக் கட்டிப்போட்டுப் பாடுற மாதிரிக் கிடக்கு," என்றார் கிறிஸ்ரி அண்ணை.

எமில்ராஜ் லப்ரொப்பைத் திறந்து காட்டினார். ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்து அளந்த கோடு அதில் கிடந்தது. நேரான கோடு, ஓர் இடத்தில் மட்டும் பள்ளமாக விழுந்து எழும்பியது.

"உதென்ன கிடங்கு?"

"அது நான் வேணுமெண்டு விட்டது." எமில்ராஜ் நிலத்தில் கிடந்த பலகையைக் காட்டினார். ஒவ்வொரு பெட்டியின் குறொஸோவரிலும் ஒரு சுருளும் ஒரு கப்பாசிற்றரும் ஒரு றெசிஸ்ரரும் தனியாகச் சேர்ந்து ஒரு கிளிப்பில் தொங்கின. "அமத்தி எண்டு வையன். அந்த ஒரு துண்டுச் சத்தத்தை மட்டும் பிடிச்சு வேறை வழியாலை கழிச்சுவிடும்."

"இதைக் கழட்டினால்?"

"கோடு நேராய் வரும்."

"பிறகேன் உதை வச்சிருக்கிறாய்?"

"வைக்காட்டில் மாதா பாட்டுக் குத்துது."

"அப்ப பாட்டிலை பிழை. ஸ்பீக்கரிலை இல்லை. ஒரு பாட்டுக்காக ஒரு சோடி ஸ்பீக்கரைப் பழுதாக்கிற ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

எமில்ராஜ் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மெள்ளக் கதை," என்றார்.

மெள்ளக் கதை! அந்த ஒரு சொல் எனக்குப் போதும். பிளேன்ரீயை ரீப்போ மேசையில் வைத்த வேகத்தில் பாதி தட்டில் கொட்டிவிட்டது. மக்டலீனின் குரல் தேன்போல வரவேண்டும் என்பதற்காக, உலகத்தில் உள்ள மற்றப் பாட்டுக்காரர் எல்லோருக்கும் வாயைக் கட்டிவிட்டிருக்கிறார் என் மனுசன். அது கூட்டாளிக்கும் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியக்கூடாதாம். அன்றைக்குக் கண்ணாடிக்கு முன்னால் நின்று என்னை நானே கனநேரம் பார்த்தேன். அவளிடம் இருக்கும் எது என்னிடம் இல்லை என்று தேடினேன். குரலைத் தவிர வேறொன்றும் எனக்குத் தென்படவில்லை, அதுதான் இன்னும் எரிந்தது. ஒரு மூக்கு, ஒரு நிறம் என்றால் மனதைத் தேற்றலாம்.

அடுத்த கிழமை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது மேசையில் இருந்த போன் சிணுங்கியது. நான் எடுக்கவில்லை, எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான். மக்டலீனிடம் இருந்து செய்தி. "கிடைச்சிட்டுது. நாளைக்கு வீட்டை கொண்டுவந்து தாறன்."

துவாயோடு வந்த மனிதனை அப்படியே மறித்தேன்.

"என்ன கிடைச்சிட்டுதாம்?"

போனைப் பார்த்தார். முகத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "பாட்டிலை குரலைத் தனியப் பிரிச்சுத் தரச்சொல்லிக் கேட்டனான். பதிஞ்ச இடத்திலை இருக்கும்தானே."

"ஆற்றை குரலை?"

அவர் வாய் திறந்தது. மூடியது. ஓர் ஆளின் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? அந்த நேரத்துக்குள் நான் கலியாணம் கட்டிய இரண்டு வருடத்தையும் எண்ணி முடித்துவிட்டேன்.

"இனி மற்றாக்களின்ரை சத்தம் ஒண்டும் வேண்டாம், அவள் தனிய வேணும். அப்பிடித்தானே?"

"லவீனா, நான் சொல்லுறதைக் கேளும்."

"கேட்டுக் கேட்டுத்தான் காது புளிச்சுப்போச்சு. பெட்டியோ நானோ எண்டு முடிவெடுங்கோ. நாளைக்குப் பின்னேரம் நான் பருத்தித்துறைக்குப் போறன்."

அவர் எடுக்க நினைத்த எந்தச் சமாதானத்தையும் நான் எடுக்கவிடவில்லை. காலையில் அவர் ஐஸ் கொம்பனிக்குப் போகும்போது வாசலில் திரும்பி நின்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் பாக்கை எடுத்து அடுக்கத் தொடங்கினேன். நான் போனால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பெட்டிக்குள் இருப்பவள் கதவால் வந்துவிடுவாள். அவளுடைய அண்ணை இப்போது மறுக்கவும் மாட்டார், அவளுக்கு வயது போகிறது. இதை நினைத்துக்கொண்டு நான் மடித்த சாறிகள் ஒன்றும் ஒழுங்காக மடியவில்லை. படலை திறந்த சத்தம் கேட்டது. குடையோடு மக்டலீன் நின்றாள்.

"வாங்கோ ரீச்சர்," என்றேன். குரலில் எவ்வளவு நஞ்சு இருக்கலாமோ அவ்வளவும் இருந்தது. "உங்களை வச்சுத்தானே இஞ்சை எங்கடை சீவியம் ஓடுது. காலமையும் நீங்கள், பின்னேரமும் நீங்கள்."

அவளுக்கு விளங்கவில்லை. கைப்பையில் இருந்து ஒரு பென் டிறைவை எடுத்து நீட்டினாள். "உங்கடை அவர் கேட்டது."

"வச்சிட்டுப் போங்கோ. உங்கடை குரல் பத்திரமாய் இருக்கும்."

"என்ரை குரலோ?" மக்டலீன் சிரித்தாள். "இதிலை நான் இல்லையே. இரண்டாங்குரல் மட்டும்தான் கேட்டவர். 'முழுக்க வேண்டாமோ' எண்டு நான்கூடக் கேட்டனான். 'வேண்டாம் ரீச்சர், உங்களை எடுத்துப்போட்டுத் தாங்கோ' எண்டார்."

"என்ன சொன்னவர்?"

"இரண்டாங்குரல் மட்டும் காணுமாம்."

"இல்லை, அதுக்குப் பிறகு சொன்னது."

"'உங்களை எடுத்துப்போட்டுத் தாங்கோ' எண்டு."

மூன்றாம் தரமும் கேட்டிருப்பேன், வெட்கமாக இருந்ததால் விட்டேன். "ஏன் ரீச்சர் வெய்யிலுக்குள்ளை நிக்கிறியள்? உள்ளை வாங்கோ," என்றேன். பணிஸ் கொடுத்தேன். தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டேன். அவள் போகும்போது படலை வரைக்கும் போய் வழியனுப்பினேன். முகம் கொஞ்சம் வாடியிருந்தது என்று நினைத்துக்கொண்டேன். வாடாமல் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பாக்கில் இருந்ததை எல்லாம் அலுமாரிக்குள் திரும்ப வைத்தேன். கணவாய் வாங்கிக் கறி வைத்தேன். கிளிப்பச்சைச் சாறி உடுத்தேன். எமில்ராஜ் வேலையால் வந்து வாசலில் நின்று, நான் போகவில்லை என்பதைக் கண்டு, எதுவும் கேட்கப் பயந்து நின்றார். பென் டிறைவை அவர் கையில் வைத்தேன்.

"மக்டலீன் ரீச்சர் எல்லாம் சொன்னவ. உதை விடுங்கோ. முதலிலை முழுப் பாட்டையும் போடுங்கோ, கேப்பம்."

"இப்பவோ?"

"இப்ப."

முதல் தடவையாக அவருக்குப் பக்கத்தில், அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மக்டலீன் நான்கு வரி பாடினாள். பாடட்டும், எனக்கென்ன. ஐந்தாம் வரியில் அவளுக்குக் கீழே இன்னொரு குரல் வந்து சேர்ந்தது. மெத்தென்று, உருண்டு, அவளை ஏந்திக்கொண்டு வந்த குரல். உண்மையைச் சொன்னால் அவளுடையதைவிட அழகு.

"இது நானே?"

"ஓம்."

எமில்ராஜைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். குசினி வாசலில் நின்று இத்தனை நாளும் நான் கண்டு எரிந்த அதே முகம். அது எனக்கான முகமாக இருந்திருக்கிறது! இன்னொரு தரம் போடச் சொன்னேன். இன்னும் ஒரு தரம். என் குரலுக்கு இவ்வளவு அழகு இருப்பதை ஒரு பாவியும் எனக்குச் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது. பாடகர் குழாத்தில் இனி முதல் குரலைக் கேட்டு வாங்கவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

சந்தோஷம் வந்தால் எனக்குக் கேள்வியும் வரும்.

"அப்ப கிறிஸ்ரி அண்ணை ஏன் லேஞ்சி கட்டினமாதிரி எண்டவர்?"

"அவன் கிடக்கிறான்."

"இந்த அமத்தியைக் கழட்டினால் பாட்டு இன்னும் தெளிவாய் வருமோ?"

"வேண்டாம்," என்றார். அவர் எதையும் அவ்வளவு கெதியாகச் சொல்கிற மனிதன் அல்ல.

குனிந்து ஒரு கிளிப்பைக் கழற்றினேன். மற்றதையும் கழற்றினேன். "வேண்டாம் லவீனா," என்று அவர் கையை நீட்டுவதற்குள் பாட்டை நானே முதலில் இருந்து போட்டேன்.

மக்டலீன் அப்படியேதான் இருந்தாள். கொஞ்சம் கூடத் தெளிந்திருந்தாள். ஐந்தாம் வரி வந்தது. கூரைத் தகரம் ஒன்றைச் சீமெந்தில் இழுத்தது போல ஒரு சத்தம் அவளுக்குக் கீழே கிளம்பியது. இழுபட்டு, கீச்சிட்டு, காதுக்குள் ஊசியாக ஏறியது. அது யார் என்று நான் கேட்கத் தேவையில்லை. மீன்காரனோடு விலை பேசுகிற குரல், கிணற்றடியில் நின்று எமில்ராஜைக் கூப்பிடுகிற குரல். அதை எனக்குத் தெரியும்.

பாட்டு முடிந்தது. அவர் பக்கம் திரும்பினேன்.

"இது எப்ப தொடக்கம் தெரியும்?"

"முதலிலை குறொஸோவரிலைதான் பிழை எண்டு நினைச்சன். அந்த இடம் வரேக்கை குத்தும், நிப்பாட்டுவன், சுருளை மாத்துவன். அளந்து பார்த்தால் கோடு நேர். எவ்வளவு மாத்தினாலும் குத்தும். பிறகுதான் விளங்கினது. அமத்தியை வச்ச பிறகுதான் நிப்பாட்டாமல், கண்ணை மூடிக் கேட்டனான்."

"விளங்கின பிறகும் ஏன் விடாமல் அதையே போட்டனீங்கள்? பென் டிறைவும் அதுக்கோ?"

"உம்மடை குரல் தனிய இருந்தால் எந்த இடத்திலை குத்துது எண்டு சரியாய் அளக்கலாம். இன்னும் மெல்லிசாய் அமத்தலாம். வாற திருநாளுக்கு எல்லாரும் வீட்டை வருவினம். போட்டுக் காட்டேக்கை நீர் கேக்க நல்லா இருக்கவேணும்."

"வேறை பாட்டை வச்சுச் செய்திருக்கலாம்தானே?"

"வேறை எந்தப் பாட்டிலை நீர் இருக்கிறீர்?" என்றார் எமில்ராஜ்.

இன்னொருத்தி என்றால் அந்த இடத்திலேயே உருகியிருப்பாள். எனக்கும் அரைவாசி உருகத்தான் செய்தது. மற்ற அரைவாசி பற்றி எரிந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டது என்னை அல்லவே. அந்தத் தகரக் குரலுக்கு அவர் ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை. அதற்கு நிறுத்தினார், முகம் சுழித்தார், கம்பி சுற்றினார். கண்ணை மூடியது மற்றவளுக்கு. மெத்தென்று, உருண்டு, எவரையும் குத்தாமல் பாடுகிற ஒருத்தியை, சுருளும் கப்பாசிற்றருமாக அவரே இருந்து இருந்து செய்து எடுத்திருக்கிறார். மக்டலீன் என்றால் கோயில் வாசலில் கண்டு முகத்தைத் திருப்பலாம். பணிஸ் கொடுத்து அனுப்பலாம். இவளை நான் எங்கே போய்ப் பிடிப்பது? என் பெயரை வைத்துக்கொண்டு, என் வரியைப் பாடிக்கொண்டு, என் மனுசனின் முகத்தை அப்படி ஆக்குகிறாள். எந்தப் பெண்ணிலும் இவ்வளவு பொறாமை எனக்கு வந்ததில்லை.

கழன்று கிடந்த அமத்தியைக் காட்டிக் கேட்டேன். "உவள் ஆர்?"

"ஆர்?"

"உதுக்குள்ளாலை பாடினவள்."

"நீர்தான்."

"நானில்லை. எனக்கு உப்பிடிப் பாடத் தெரியாது. உவளோடைதான் இவ்வளவு நாளும் இருந்திருக்கிறியள்."

சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. பலகையில் கிடந்த கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்தேன். ஓர் அமத்தியின் சுருள் காலை வெட்டினேன், மற்றதின் காலையும் வெட்டினேன்.

"ஐயோ, அதை நான் எவ்வளவு..." என்று தொடங்கி அவராகவே வாயை மூடிக்கொண்டார்.

"இப்ப போடுங்கோ. ஐஞ்சாம் வரியிலை இருந்து."

போட்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தகரம் இழுபட்டது. அவருடைய ஒரு கண் சுருங்கியது, தோள் ஒரு பக்கம் தூக்கியது. கண்ணை மூடவில்லை. முடியும் வரைக்கும் இருந்து கேட்டார்.

"இது ஆர்?"

"நீர்."

"எப்பிடி இருக்கு?"

நல்லா இருக்கு என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் பாக்கை மறுபடி எடுத்திருப்பேன்.

"காதைக் குத்துது," என்றார்.

"கடுமையாய்க் குத்துதோ?"

"கடுமையாய்."

எனக்கு அப்போதுதான் மனம் ஆறியது. அந்த வார்த்தையை அவர் அமத்திக்குள்ளால் பாடினவளுக்கு ஒரு நாளும் சொல்லியிருக்கமாட்டார்.